கொக்கு பறக்கும் வேகம்

கொக்கு பறக்கத் தொடங்கிவிட்டது, இவன் கட்டைவிரல் இன்னும் பொத்தானுக்கு வரவில்லை. வரட்டும். நான் பார்க்கக்கூடாது. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தம்பி என்றாலும் நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, பள்ளிக்கூட வேன் ஓட்டி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரு கண்ணாடிப் பார்வையில் அடக்கினவன், அக்காக்காரி தன் வலது கையையே உற்றுப் பார்ப்பதை எப்படிப் பொறுப்பான். அதனால் டிவியைப் பார்க்கிறேன். அகலமான டிவியில் நடுவே சதுரமாக ஒரு படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, உள்ளே இரண்டு வெள்ளைக் கொக்குகள். கொக்கு இல்லை, ஆகாய விமானம்தான், இறக்கையும் நீண்ட மூக்கும் வைத்து வரைந்திருக்கிறார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டுக்கு வந்த விளையாட்டு, அட்டைப்பெட்டியில் பிரெஞ்சில் வேறென்னவோ பெயர் இருந்தது. இந்தக் குளோவிஸ் முதல் நாளே “கொக்குக்கா இது” என்று சொல்லிவிட்டான், அதோடு அந்த விளையாட்டுக்குப் பெயர் கொக்கு. முழு வெள்ளை அவனுடையது, மூக்கில் சிவப்பு வைத்தது என்னுடையது, அது அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம், இன்றைக்கும் கேட்காமலே, பொத்தான் வைத்த இரண்டு விளையாட்டுப் பேடுகளில் முதலாவதை அவன் மடியில் வைத்தேன். குடைகள் வருகின்றன. முதல் கட்டத்தில் எதிரிகள் எல்லாம் குடைகள், விரிந்தும் மடங்கியும் வரிசையாக இறங்கும். நான் என் பங்குக்குச் சுடுகிறேன், இடது பக்கத்துக் குடைகளை வேண்டுமென்றே விடுகிறேன், அது அவன் பக்கம். சுடு. சுடேன்டா. ஒரு குடை அவன் கொக்கை நோக்கிச் சாய்ந்து வருகிறது, இதோ, இதோ, டப். குடை உடைந்தது. நான் சுட்டதல்ல. நான் பார்க்கவில்லை, பார்க்கவில்லை, ஆனால் அந்தச் சத்தம் அவன் பொத்தானிலிருந்து வந்த சத்தம்.

ஐந்து மணிக்கு ஹேமாவதி வருவாள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற பெண், ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுகிறாள். நேற்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “மேடம், கைக்குள்ள பலம் திரும்பிடுச்சு, நான் தொட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். இவருக்குத்தான் தூக்கணும்னு தோணல. நாளைக்கும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்னா நான் வந்து பிரயோஜனமில்ல. எத்தனையோ பேர் கூப்பிட்டுட்டே இருக்காங்க.” கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். முதல் சில மாதங்கள்தான் கணக்கு, அதற்குள் பழகாத கை தன்னையே மறந்துவிடும் என்றாள். கை தன்னை மறக்குமா. கை மறந்ததா, இவன் மறக்க விட்டானா. அவள் கேட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வலது கையைத் தூக்கி நெற்றியைத் தொட வேண்டும், அவ்வளவுதான், தலை சீவ, சோறு வாயில் போட, எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம் என்கிறாள். அவள் தன் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டுக் காண்பிக்கும்போது இவன் கூரையில் ஓடுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மடியில் வைத்த கை அடுத்த வீட்டுக்காரர் மறந்து வைத்துவிட்டுப்போன பொருள்போல இருக்கும். அடுக்களையிலிருந்து செலின், இவன் பெண்டாட்டி, சத்தம் போடுகிறாள், “அண்ணி, டீ போடட்டா, இல்ல எல்லாரையும் சுட்டுத் தள்ளிட்டுதான் குடிப்பீங்களா?” சங்கரா மீன் செதில் சுரண்டும் சத்தம் அவள் பேச்சுக்கு நடுவிலும் நிற்கவில்லை. “ரெண்டு பேருக்கும் சேத்து அறுவது வயசு கொறைஞ்சு போச்சு போ!” என்கிறாள். இப்படிச் சிரிக்கிறவள்தான் நேற்று ராத்திரி கிணற்றடியில் முகத்தைக் கழுவிக் கழுவிக்கொண்டே இருந்தாள். டப். இன்னொரு குடை. டப்.

போன மாதமும் இப்படித்தான் ஆசையாக ஆரம்பித்தேன். கணினியில் இந்தக் கொக்கைத் தேடினேன், முதலில் கிடைத்ததைப் போட்டேன், பேடைக் கையில் கொடுத்தேன். அன்றைக்கு அவனே ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தான், விரலும் பொத்தானுக்குப் போனது. ஆனால் முதல் வரிசைக் குடையிலேயே செத்தான். மறுபடி செத்தான். பிறகு ஆட்டம் முடிந்தது என்ற எழுத்து வருவதற்குள் பேடை இடது கையால் தள்ளிவிட்டு, “என் கை செத்துப்போச்சுக்கா” என்றான். அன்றிலிருந்துதான் சுவர்ப் பக்கம். எனக்கும் ஏதோ தப்பாகப் பட்டது, என்னவென்று தெரியவில்லை, விளையாட்டில் வருகிற ராகம் காதுக்குள் துரத்திக்கொண்டே வந்தது. அது எங்கள் பாட்டுத்தான், ஆனால் யாரோ பின்னால் நின்று விரட்டுகிற மாதிரி. பல் தேய்க்கும்போது, மீன் வாங்கப் போகும்போது, கடற்கரைச் சாலையில் நடக்கும்போது வாய்க்குள் முனகிப் பார்க்கிறேன், என் வாயில் மெதுவாக வருகிறது, கணினியில் வேகமாக ஓடுகிறது. வயதாகிவிட்டதா, எல்லாமே வேகமாகத் தெரிகிறதா. அப்புறம்தான் இணையத்தில் அந்தப் பக்கம் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான், இதற்காகவே பிறந்தவன், ஜப்பான் கொக்கு, அமெரிக்கக் கொக்கு, ஐரோப்பாக் கொக்கு மூன்றையும் படம் படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன மாற்றினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறான். அதில் முதல் வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு அறுபது தடவை படம் காட்டும், ஐரோப்பாவில் ஐம்பது, விளையாட்டைச் செய்தவர்கள் அதற்கென்று எதையும் திருத்தாமல் அப்படியே விற்றுவிட்டார்கள், ஆகவே ஐரோப்பாவில் கொக்கு மெதுவாகப் பறக்கும், பாட்டும் இழுத்துப் பாடும். குறை என்று எழுதியிருக்கிறான். எங்கள் குழந்தைப்பருவம் முழுவதும் ஒரு குறைக்குள் நடந்திருக்கிறது, நாங்கள் அதைத்தான் வேகம் என்று நினைத்திருக்கிறோம். பிரான்சிலும் ஐம்பது, புதுச்சேரியிலும் ஐம்பது. முப்பது வருடம் அங்கே இருந்தேன், இரண்டு ஊரும் எதிலாவது ஒத்துப்போய் நான் பார்த்தது இது ஒன்றில்தான். இவன் கை செத்துப்போகவில்லை. நான் வேறு நாட்டுக் கொக்கைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அதை இவனிடம் சொன்னேன், ஐம்பது அறுபது என்று விரலை விரித்து விளக்கினேன், “சும்மா மனசுக்கு சொல்றே” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். ஐரோப்பாக் கொக்கைத் தேடிப் பிடிக்க இவ்வளவு நாள் ஆனது. இன்றைக்குப் பாட்டு தொடங்கியதும் சுவர்ப் பக்கம் கிடந்தவன் தலையை மட்டும் திருப்பினான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தலையணையை முதுகுக்கு அடை கொடுத்து உட்கார வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் கட்டம். கெட்டில்கள். கொதிக்கும் கெட்டில்கள் ஆவியைத் துப்பிக்கொண்டு பக்கவாட்டில் வரும், ஆவி பட்டால் செத்தோம். இந்தக் கட்டத்தில்தான் பெலிக்ஸ் மாமா, அம்மாவின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்து அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த மனுஷன், ஒரு தடவை பேடை வாங்கி விளையாடிப் பார்த்து, “துப்பாக்கிச் சண்டையெல்லாம் பாத்தாச்சு, கெட்டில்கிட்ட சாகிறேன்” என்று சிரித்தார். பெட்டி வந்த அன்றைக்குப் படம் வரவில்லை, வெறும் சலசலப்புத்தான். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் எடுத்துப்போய் உள்ளே எதையோ ஒட்டி வைத்த பிறகுதான் கொக்கு வந்தது. திரையில் வந்த பிரெஞ்சை நான்தான் இவனுக்குப் படித்துச் சொல்வேன். நான் பிரெஞ்சுப் பள்ளி, இவன் தமிழ்ப் பள்ளி, ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டால், “ஒண்ணு அங்க போகட்டும், ஒண்ணு இங்க இருக்கட்டும்” என்பாள், வாழைத்தாரை இரண்டாக வெட்டிக் கொடுப்பதுபோல. முதல் திரையில் வானம் மூடப்பட்டுள்ளது என்று வரும், மேகமூட்டம் என்று அர்த்தம். நான் “வானம் மூடியிருக்கு” என்றேன். “எத்தினி மணிக்குத் தொறப்பாங்களாம்?” என்றான். தெரியாத சொல் வந்தால் நானே ஒரு கதை கட்டிவிடுவேன். ஒரே ஒரு தடவை கடைசிவரை போனோம். முடிவில் விமானி முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பான், முதுகில் நீளமாக ஒரு பின்னல் தொங்கும். “இன்னாக்கா, மீசை வெச்சவனுக்கு சடை இருக்குது?” என்று கேட்டான். “அது அவன் பொண்டாட்டிடா, வரவேற்க வந்திருக்கா” என்றேன். “அப்ப அவன் எங்க?” என்றான். “கக்கூஸ் போயிருக்கான்.” நம்பினான். இப்போது அந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஜப்பானில் விமானி ஒரு பெண்பிள்ளை, அமெரிக்காவுக்காக அவளுக்கு மீசை வைத்தார்கள், கடைசிப் படத்தில் பின்னலை அழிக்க மறந்துபோனார்கள். அவள்தான் அத்தனை தூரம் பறந்திருக்கிறாள். நான்காம் கட்டத்துக் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் கல் என்று நினைத்ததெல்லாம் சிலுவைகளின் அடிப்பாகமாம், மேல் பாகத்தை அழித்துவிட்டு அடியை அப்படியே விட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் நாங்கள், சிலுவையின் பாதியை அடையாளம் தெரியாமல் அதன்மேல் குண்டு போட்டிருக்கிறோம். ஐயோ, அவன் கொக்கு. ஆவி. ஒதுங்கு. ஒதுங்கினான். இடது கட்டைவிரல் எப்போதும் கெட்டிதான், வலதுதான். டப், டப். இப்போது ஒரு டப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீள்கிறது. களைப்பு. மூச்சு வாங்குகிறதா. “போதுமாடா?” என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக்கூடாது. “நீ... முன்னாடி போ” என்றான். சொற்கள் ஒவ்வொன்றாகக் கல் தாண்டி வருகின்றன. முன்னாடி போகிறேன்.

மூன்றாம் கட்டத்தில் ஆறு வரும். ஆறு வரும்போது இவனுக்கு என்ன ஞாபகம் வரும், எனக்கு வருவதுதான் வருமா. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ஆற்றங்கரை வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறது, அதைப் படித்த பிறகு எனக்கு மனது சரியில்லை. ஆற்றின் முடிவில், பாலத்துக்கு முன்னால், தனியாக ஒரு வீடு, அதில் ஒரு ஜன்னல். ஜப்பானில் அந்த ஜன்னலில் ஒரு குழந்தை கையாட்டும். அமெரிக்காவில் ஜன்னலே கிடையாது. ஐரோப்பாவில் ஜன்னல் உண்டு, எப்போதும் இருட்டுத்தான், எதற்கும் பயன்படாமல் மிச்சம் நின்றுபோன படம். எப்போதும் இருட்டுத்தான் என்று எழுதியிருக்கிறான், இவ்வளவு தெரிந்தவன். ஆனால் எங்கள் வீட்டில் அது எரிந்தது. மஞ்சளாக எரிந்தது. மாதா கோவிலில் ஆறு மணிக்கு மூவேளை ஜெபத்துக்கு மணி அடிக்கும், அடித்தால் எங்கள் வீட்டில் எது எங்கே இருந்ததோ அங்கே நிற்கும், அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள், நாங்கள் பேடைக் கீழே வைத்துவிட வேண்டும், வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக் கைகுவிக்க வேண்டும். பள்ளி விட்டு வந்து, வீட்டுப்பாடம் முடித்து, கொக்கில் உட்கார்ந்தால் சில நாட்கள் ஆறும் மணியும் சரியாக ஒன்றாக வந்து சேரும். முதல் தடவை நான் “நிறுத்திட்டு வேண்டிக்கலாம்டா” என்று பொத்தானைத் தேடினேன், இவன் “விடுக்கா, மாதா பாத்துக்கும்” என்றான். மாதா பார்த்துக்கொண்டாள். ஆற்றில் மரக்கட்டைபோல மிதக்கிற முதலைகள், மற்ற நாளில் எங்களை உயிரோடு விடாத முதலைகள், அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை, கொக்குகள் இரண்டும் ஆளில்லாமல் ஆற்றின்மேல் போய்க்கொண்டே இருந்தன, மூன்றாவது தடவை “அருள் நிறைந்த மரியே” சொல்லி முடியும்போது ஜன்னல் எரிந்தது, எரிந்ததும் இரண்டு பேரும் மறுபடி சிலுவை போட்டுக்கொண்டோம். அம்மாகூடப் பார்த்தாள். “யாரோ வீட்ல விளக்கு ஏத்திட்டாங்க, நீங்க அணைச்சிட்டுப் படிக்கப் போங்க” என்றாள். எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கோவில் மணி கேட்டு எரிகிறது. மணி அடிக்காத நாளில் எரியவில்லை, மணி முன்னாலோ பின்னாலோ அடித்த நாளில் எரியவில்லை, வேறு என்ன சாட்சி வேண்டும். இவன் தெருவில் சவால் விட்டு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டினான். ஒருத்தன் கோவில்பிள்ளையிடம் போய் மணியைச் சீக்கிரம் அடிக்கச் சொல்லிக் குட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

பிறகு நான் போனேன், பதினாறு வயதில், மாமா வீட்டுக்கு, பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் ஏழாவது மாடி. அங்கேயும் கொக்கு இருந்தது. மாமா பிள்ளைகளிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். ஆறு மணிக்கு ஆற்றுக்கு வருகிற மாதிரிக் கணக்குப் பண்ணி விளையாடினேன், அங்கே கோவில் மணி எங்கே கேட்கிறது, கதவுகள் சாத்துகிற சத்தமும் லிஃப்ட் சத்தமும்தான். எரியவில்லை. முதலைகள் என்னைத் தின்றன. “உங்க ஊர் மாதா விசா இல்லாம வரமாட்டாங்க” என்றான் பெரியவன். நானும் சிரித்தேன், சிரித்துச் சிரித்து அது எரிந்ததே இல்லை என்று நம்ப ஆரம்பித்தேன், அங்கே அப்படி எத்தனையோ விஷயங்கள் எரிந்ததே இல்லை என்று ஆகிப்போயின. தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை, இரண்டு மொழியிலும் கனவு, அம்மா இறந்தபோது விமானத்தில் பத்து மணி நேரம் அழாமல் உட்கார்ந்திருந்தது. தொலைபேசியில் குளோவிஸ் எப்போதாவது, “அக்கா, அங்க ஜன்னல் எரியுதா?” என்று கேட்பான், கேலியாகத்தான், ஆனால் நான் பதிலுக்கு ஒரு நொடி தாமதிப்பேன். திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொன்னபோது அவனே வேனை எடுத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்கு வந்தான், வலது கையால் என் பெரிய பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தான். அந்தக் கைதான். அதே கைதான் இது.

ஆறு. நீலமில்லை, பச்சை கலந்த சாம்பல், பாட்டும் மாறிவிட்டது, இழுத்து இழுத்துத் தாலாட்டு மாதிரி. மணி நாலரை இருக்கும். கோவிலில் இப்போதெல்லாம் பதிவு செய்த மணிதான், ஒலிபெருக்கியில், அதற்கும் இன்னும் நேரம் இருக்கிறது. முதல் முதலை. சுட்டேன். விழித்துக்கொண்டது, வாயைத் திறந்துகொண்டு வருகிறது, அடுத்தது விழிக்கிறது, இவன் பக்கம் இரண்டு. சுடு குளோவிஸ். சத்தமில்லை. சுடு. கீழே ஏதோ விழுந்தது. பேடு. அவன் மடியிலிருந்து வழுக்கித் தரையில் கிடக்கிறது, வயரோடு, விளக்கு மினுக்கிக்கொண்டு. போச்சு. களைத்துவிட்டது கை, இல்லை, விட்டுவிட்டான், சுவர்ப் பக்கம் திரும்பப்போகிறான், ஐந்து மணிக்கு ஹேமாவதி வந்து வாசலிலேயே புரிந்துகொள்வாள், செலின் டீ கொடுத்து அனுப்புவாள், கிணற்றடியில் முகம் கழுவுவாள். நான் பார்க்கக்கூடாது, எடுத்துக் கொடுக்கவும் கூடாது, எடுத்துக் கொடுத்தால் விழுந்தது என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால் விட்டுவிட்டதாக ஆகிவிடும். அவன் கொக்குக்கும் சேர்த்து நானே சுடுகிறேன், எவ்வளவு சுடுகிறேனோ அவ்வளவு விழிக்கின்றன, ஆறு முழுக்க வாய், தள்ளு, தள்ளிப்போ, இந்தக் கொக்கு மட்டுமாவது பாலம் தாண்டட்டும்.

“அக்கா.” ஒரு கல் தாண்டினான். “கைய... எடுக்கா.”

என்ன கை. எதற்கு எடுக்க. “சுட்டாதானேடா...” என்று ஆரம்பித்தேன். “எடுன்றேன்ல” என்றான், வேனில் பின் சீட்டுப் பிள்ளைகளை அதட்டுகிற குரல், நான்கு மாதமாக இந்த வீட்டில் கேட்காத குரல். எடுத்துவிட்டேன். பேடைத் தரையில் வைத்தேன், அவனுடையதற்குப் பக்கத்தில். திறந்த வாய்கள் எங்களைத் தாண்டிப் பின்னால் போயின. அதற்குப் பின்னால் வந்தவை விழிக்கவில்லை. மரக்கட்டைகள், வெறும் மரக்கட்டைகள், இரண்டு கொக்குகள் ஆளில்லாமல் அவற்றின்மேல் போகின்றன. மணி அடிக்கவில்லை. எங்கும் அடிக்கவில்லை, செலின் சுரண்டும் சத்தம்தான். அப்படியானால் மணி இல்லை. ஒருநாளும் மணியாக இருந்ததில்லை. நான்கு கைகளும் ஒன்றாகச் சும்மா இருந்ததுதான், மணிக்காக எடுத்த கைகள். அந்த ஏழாவது மாடியில் நான் சுட்டுக்கொண்டே மணிக்குக் காத்திருந்தேன். இதையெல்லாம் ஒப்பிட்டு எழுதின புண்ணியவானும் சுட்டுக்கொண்டேதான் இருந்திருப்பான், இருட்டு என்று எழுதினான். விளையாட உட்கார்ந்தவன் எவன் கையை எடுக்கிறான். குளோவிஸ் இது தெரிந்து கையை எடுத்தானா, பழக்கத்தில் எடுத்தானா, கேட்க வேண்டும், கேட்கக்கூடாது, ஏனென்றால் வீடு வந்துவிட்டது, ஜன்னல் இருட்டாக வந்தது, இருட்டாகவே வந்தது, பிறகு மஞ்சள்.

“மணி அடிக்கலையே” என்றான் குளோவிஸ். சின்னப் பையன் ஏமாந்துபோன குரலில். “எப்டிக்கா எரிஞ்சிச்சி?”

ஓரக்கண்ணில் ஏதோ அசைகிறது. பார்க்கக்கூடாது என்று வைத்திருந்ததை மறந்து பார்த்துவிட்டேன், அவன் என்னைக் கவனிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குத் தெரியாமல் வலது கை மடியைவிட்டுக் கிளம்பியிருக்கிறது. விளக்கு எரிந்தால் போடவேண்டிய சிலுவையைப் போடப் போகிறது. தொப்புள் தாண்டி, நெஞ்சு தாண்டி, தாடையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கி, மேலே. விரல்கள் சேரவில்லை, கட்டைவிரல் மட்டும் நெற்றியில் முட்டுகிறது. முட்டிவிட்டது. செலினைக் கூப்பிட வாய் வந்தது, கூப்பிட்டால் கை விழித்துக்கொள்ளும், விழுந்துவிடும், கடித்துக்கொண்டேன். நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. நெஞ்சிலிருந்து இடது தோளுக்கு அரைத் தூரம் வந்து தயங்குகிறது. அங்கிருந்து வலது தோள் இன்னும் எவ்வளவோ தூரம். பரவாயில்லை. பாலம் இன்னும் வரவில்லை. எங்கள் ஆறு மெதுவாக ஓடுகிற ஆறு.